மூன்றரை விநாடி முந்திய மேளம்

ஆடி முதல் வெள்ளி. கோனியம்மனைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்த கூட்டத்தை மழை ராஜ வீதி முழுக்கத் துரத்திக்கொண்டிருந்தது. செருப்பைக் கையில் பிடித்தபடி ஓடிய ஒரு பெண் சந்துக்குள் திரும்பி, கண்ணில் பட்ட முதல் மாடிப்படியில் ஏறிவிட்டாள்.

படி முடிந்த இடத்தில் ஒரு கண்ணாடிக் கதவு. அதைத் தள்ளிக்கொண்டு அவள் உள்ளே வந்தபோது கிருபாசங்கர் காதில் ஹெட்போனோடு ஒரு காதுகுத்து வீடியோவில் குழந்தையின் அழுகையைக் குறைத்துக்கொண்டிருந்தான். நாலு வருடமாக அந்த மாடியில் அவனும் நண்பன் சஹீரும் கடை வைத்திருந்தார்கள். கல்யாணம் காதுகுத்து எல்லாம் சஹீர் படம் பிடிப்பான். கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டுவதும், ஒரு ஃபார்மட்டிலிருந்து இன்னொரு ஃபார்மட்டுக்கு மாற்றித் தருவதும் கிருபாசங்கரின் வேலை.

"ஏனுங்க…"

"ஜெராக்ஸ் பக்கத்துக் கடைங்க." அவன் திரும்பவில்லை.

"ஜெராக்ஸ் வேண்டாங்க. மழைக்குத்தான் ஏறினேன். ஏறின எடத்துல போர்டைப் பாத்தேன்… வீடியோவுல ஒரு சந்தேகம் கேக்கலாமுங்களா?"

"என்ன சந்தேகங்க?"

"தவில் சரியாக் கொட்டினாங்களா, தப்பாக் கொட்டினாங்களான்னு பாக்கோணும்."

இப்போது அவன் திரும்பினான்.

இமையில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. நெற்றிக் குங்குமம் கரைந்து மூக்கு வரை இறங்கியிருந்தது. ஆனால் அவன் பார்த்தது அந்தக் கண்களை. ஓர் இடத்தை முழுதாகப் பார்த்து முடித்த பிறகே அடுத்த இடத்துக்குப் போகும் கண்கள்… அவை அவன் மேசையை, ஒயர்களை, அரைக் கோப்பை ஆறிய டீயைப் பார்த்துவிட்டுக் கடைசியில் அவனிடம் வந்தன. கிருபாசங்கர் ஹெட்போனைக் கழற்றினான். எதற்கென்று தெரியாமல் தலையையும் கோதிக்கொண்டான்.

அவள் பெயர் ரங்கநாயகி. சோமனூரில் ஒரு மில்லில் துணி செக்கிங் வேலை. ஆடி வெள்ளிக்கு அரை நாள் லீவு போட்டு வந்திருந்தாள். அர்ச்சனைக் கூடையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளே குங்குமத்தோடு ஒரு பென் டிரைவ்.

"அம்மன் பாதத்துல வெச்சு வாங்கிட்டு வந்தேனுங்க."

"குங்குமம் உள்ள போச்சுன்னா என்ற கம்ப்யூட்டருக்கும் பொட்டு வெச்சாச்சுன்னு ஆயிரும்" என்றபடி அவன் அதை ஊதித் துடைத்துச் செருகினான்.

படம் ஓடியது. வாழைமரம் கட்டிய வாசல், மஞ்சள் சாமந்தி மேடை, ஓரத்தில் நாயனக்காரர்கள்… கிருபாசங்கருக்கு முதல் காட்சியிலேயே தெரிந்துவிட்டது. உடுமலையில் தம்பிதுரை மகள் கல்யாணம். வைகாசியில் நடந்தது. எடுத்தது சஹீர். இந்த ஃபைலை மாற்றிக் கொடுத்தது அவனேதான்.

'இது நாங்க பண்ணதுங்க' என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவள் பேசத் தொடங்கிவிட்டாள்.

"யாரோ கோயமுத்தூர் ஸ்டுடியோக்காரங்க எடுத்ததாமுங்க. எங்கப்பா இதுல தவில். சென்னியப்பன்னு சொன்னா அந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். கல்யாணம் முடிஞ்சு ஒரே மாசத்துல மாப்பிள்ளை பைக்குல இருந்து உழுந்து காலை ஒடச்சுக்கிட்டாரு. விசாரிக்க வந்த சொந்தக்காரங்களுக்கு இந்த வீடியோவைப் போட்டுக் காட்டியிருக்காங்க. அதுல… தாலி கட்டறதுக்கு முன்னாடியே கெட்டிமேளம் கொட்டற மாதிரி இருக்குதுங்க. அதனாலதான் கால் ஒடஞ்சுதுன்னு பேச்சு."

"அப்படியெல்லாம்…"

"பேச்சு பரவிப்போச்சுங்க. ஆவணியில அந்தப் பொண்ணோட சித்தப்பா ஊட்டுக் கல்யாணம். எங்கப்பாவுக்குச் சொல்லி வெச்சிருந்ததை வேற செட்டுக்கு மாத்திட்டாங்க. அது போனாப் போகுது. ஆனா அவங்க குடுத்த காப்பியில எங்கப்பாவும் இதைப் பாத்துட்டாருங்க. 'என்ற கை தப்பிப்போச்சு கண்ணு, என்ற கண்ணாலயே பாத்துட்டேன்'னு சொல்லி, தவிலுக்கு உறையைப் போட்டு ஆணியில மாட்டிட்டாரு. இருபது நாளாச்சு."

அவள் குரல் உடையவில்லை. ஒரு துணியில் இருக்கும் பழுதைச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

"எங்கப்பா எப்பவும் யார் 'கெட்டிமேளம்'னு கத்தினாலும் கொட்ட மாட்டாருங்க. மாப்பிள்ளை கை பொண்ணு கழுத்துக்குப் பின்னால போறதைப் பாத்துட்டுத்தான் குச்சியை எடுப்பாரு. அவரு முந்தியிருக்க மாட்டாரு. இந்தப் படம்தான் தப்பு."

கிருபாசங்கர் முதல் ஒரு நிமிடத்தை ஓடவிட்டுப் பார்த்தான். நாயனக்காரரின் கன்னம் உப்பும்போது ஓசை வந்தது. தவிலில் குச்சி விழும்போது அடி கேட்டது.

"படமும் சத்தமும் ஒண்ணாத்தான் போகுதுங்க. எடுத்தவங்க நல்லாவே எடுத்திருக்காங்க. லைட்டிங் எல்லாம் பாருங்க…"

"எடுத்தவரு உங்களுக்குச் சொந்தமுங்களா?"

"இல்லீங்க. ஏன்?"

"தப்பு எங்கன்னு கேட்டா லைட்டிங்கைப் புகழறீங்களே… அதான்."

அவன் காது சிவந்தது. "ஆரம்பத்துல சரியா இருந்தா முழுக்கச் சரியாத்தானுங்க இருக்கும்."

"ரோல்ல முதல் மீட்டரை மட்டும் பாத்துட்டு நான் பாஸ் போட்டேன்னா, அன்னைக்கே என்னைய ஊட்டுக்கு அனுப்பிருவாங்க. கடைசி வரைக்கும் ஓட்டிப் பாக்கோணுமுங்க."

கிருபாசங்கருக்குக் கோபம் வந்தது. "வெச்சுட்டுப் போங்க. அடுத்த வெள்ளி வாங்க" என்றான், வெடுக்கென்று.

அவள் எழுந்தாள். கதவு வரை போனவள் நின்று, தரையைப் பார்த்தாள். அவள் வந்த வழி முழுக்கத் தண்ணீர் சொட்டியிருந்தது. மூலையில் கிடந்த பழந்துணியை எடுத்துக் குனிந்து, கதவிலிருந்து நாற்காலி வரை துடைத்தாள்.

"உடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றான் அவன்.

"நாந்தானே நனைச்சேன்" என்றாள் அவள். துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

---

ஜும்ஆ தொழுகை முடிந்து சஹீர் வந்தபோது கிருபாசங்கர் அதே படத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தான். கடைசி வரை ஓட்டிப் பார்த்துவிட்டான்.

இருபதாவது நிமிடத்தில் சென்னியப்பனின் குச்சி தவிலைத் தொடுவதற்கு ஒரு விநாடி முன்பே அடி கேட்டது. ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில் தம்பிதுரையின் மனைவி செல்லாத்தாள் கையிலிருந்து ஒரு பித்தளைத் தட்டு நழுவியது. ஆனால் 'டங்' என்ற சத்தம் கேட்டபோது தட்டு இன்னும் அந்த அம்மாள் கையில்தான் இருந்தது. ஒரு மணி நேரம் தாண்டி முகூர்த்தம். மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்குவதற்குள் கெட்டிமேளம் முழங்கியது. மூன்றரை விநாடி. கொஞ்சம் கூடவே இருக்கும்.

முகூர்த்த நேரத்தில் கேமரா மணமக்கள் மேல் இருந்தது. தவில் படத்துக்குள்ளேயே இல்லை. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"நம்ம எடிட் பண்ணிக் குடுத்த வீடியோவுல இந்தத் தப்பு இல்லையேடா?" என்றான் சஹீர்.

"அதுல தாலி கட்டற எடத்துல சினிமாப் பாட்டுப் போட்டிருக்கோம். மேளமே கேக்காது. இது அவங்க தனியாக் கேட்ட முழு வீடியோ. டிவியில ஓடலைன்னு போன் பண்ணினாங்க. வேற ஃபார்மட்டுக்கு மாத்திக் குடுத்தேன்."

அவன் கம்ப்யூட்டரில் அந்த நாளைய வேலைப் பதிவைத் திறந்து காட்டினான். சஹீரின் கேமரா விநாடிக்கு முப்பது படம் என்று எடுத்திருந்தது. மாற்றும் மென்பொருள் இருபத்தொன்பது புள்ளி தொண்ணூற்றேழு என்று வைத்திருந்தது. அதைக் கிருபாசங்கர் அன்றைக்கே பார்த்தான். பார்த்துவிட்டு, 'ரெண்டும் ஒண்ணுதான்' என்று அமுக்கிவிட்டான். ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம். சத்தம் தன் வேகத்திலேயே போக, படம் மட்டும் துளித் துளியாகப் பின்தங்கியது. முதல் நிமிடத்தில் கண்ணுக்குத் தெரியாது. ஒரு மணி நேரத்தில் ஒரு மனிதரின் பெயரைத் தின்றுவிட்டது.

சஹீர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"இப்ப என்ன பண்றது?" என்றான் பிறகு. "ஆவணிக் கல்யாணத்துக்கு வீடியோ நம்மகிட்டத்தான் சொல்லியிருக்காங்க. நாமதான் தப்புப் பண்ணினோம்னு போய் நின்னா உடுமலைப் பக்கமே தலை காட்ட முடியாது. சரி பண்ணி அந்தப் பொண்ணுகிட்டக் குடுத்துரு. கம்ப்யூட்டர் பண்ணின கோளாறுன்னு சொல்லிரு."

"கம்ப்யூட்டர் கேட்டுச்சு சஹீர். நாந்தான் சரின்னு அமுக்கினேன்."

"நான் சுலபமான வழியைச் சொன்னேன். நல்ல வழின்னு சொல்லலையே" என்றான் சஹீர்.

---

இரண்டாம் வெள்ளி அவள் வந்தாள். மழை இல்லை. ஆனாலும் கையில் ஒரு காகிதப் பொட்டலம்.

"மில்லுல வெட்டிப்போட்ட பீஸுங்க. நல்ல காட்டன். உங்க ஊட்டு… உங்க கடைத் தரைத் துணி ஓட்டையாக் கெடந்துது."

அவன் வாங்கி மேசை மேல் வைத்தான். தரைக்குப் போட மனம் வரவில்லை. மானிட்டரைத் துடைத்தான்.

பிறகு படத்தைப் போட்டான். மாப்பிள்ளையின் கை பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் போனது. அந்த நொடியில், மழை கூரையில் விழுவது போல, தவில் கொட்டியது.

ரங்கநாயகி திரையருகே குனிந்தாள். "இன்னொருக்கா…" என்றாள். போட்டான். "இன்னொருக்கா…" ஐந்தாவது முறையில் அவள் கண் நிறைந்து, ஒரு சொட்டு அவன் விசைப்பலகையில் விழுந்தது. அவசரமாக முந்தானையால் துடைத்தாள். அழும்போதும் துடைத்துவிட்டுத்தான் அழுகிறாள்… என்று நினைத்தான் கிருபாசங்கர். நெஞ்சுக்குள் என்னமோ இடம் மாறியது.

"எப்புடிங்க இவ்வளவு சரியாக் கண்டுபுடிச்சீங்க?"

"படத்தோட வேகம் ஒரு துளி கொறஞ்சிருந்துச்சுங்க. அதை மட்டும் பழையபடி ஆக்கினேன். சத்தத்தை நான் தொடவே இல்லை. உங்கப்பா அடிச்சது அடிச்சபடிதான் இருக்கு."

"அந்த ஸ்டுடியோக்காரர் மட்டும் கையில கெடைக்கோணும்…"

"கெடைச்சா?"

"நல்லாத் திட்டோணும்னு நெனச்சேன்." கொஞ்சம் யோசித்தாள். "இப்ப நெனச்சாப் பாவமா இருக்கு. அவருக்கே தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சிருந்தா வந்து சொல்லியிருக்க மாட்டாருங்களா?"

சொல்லிவிட வேண்டியதுதான் என்று நினைத்தான். அவள் அவ்வளவு வெள்ளந்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கம்ப்யூட்டர் பண்ணின கோளாறுங்க" என்றான்.

பணம் வேண்டாம் என்றான். அவள் கோயில் திருநீற்றைக் கொஞ்சம் எடுத்து அவன் மேசையில் ஒரு தாளில் வைத்தாள். "சாமி உங்களை நல்லா வெச்சிருக்கோணும்" என்று சொல்லிவிட்டு ஓடாத குறையாகப் படியிறங்கினாள். அந்தத் திருநீற்றை எடுத்துப் பூச அவனுக்குக் கை வரவில்லை. எறியவும் வரவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை அவள் போன் செய்தாள். குரல் சோர்ந்திருந்தது.

"அப்பா நம்ப மாட்டேங்கறாருங்க."

"ஏனுங்க? பாத்தாரா?"

"பாத்தாரு. பாத்துட்டுச் சிரிக்கறாரு. 'அப்பன் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு யாரோ ஒரு புள்ளை கிட்டக் குடுத்து மாத்தி வாங்கிட்டு வந்திருக்கியா கண்ணு? கம்ப்யூட்டர்ல இப்ப எதை வேணாலும் மாத்தலாமே'ங்கறாரு. தவில் ஆணியிலயேதான் தொங்குதுங்க… நீங்க செஞ்சது போதும். சும்மா உங்ககிட்டச் சொல்லோணும்னு தோணுச்சு."

போனை வைத்த பிறகு கிருபாசங்கர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். தாள் அங்கேயே இருந்தது. அந்தப் பெரியவர் சொன்னது சரிதான். சரிசெய்த படத்தை எவனும் தரலாம். தப்பான படம் எப்படி வந்தது என்று சொல்ல உலகத்தில் ஒரே ஆளால்தான் முடியும்.

---

புதன்கிழமை சோமனூரில் மில் கேட்டுக்கு எதிரே டீக்கடை. பத்தரை மணி இடைவேளையில் வெளியே வந்த ரங்கநாயகி அவனைக் கண்டதும் முகம் மலர்ந்தாள்.

"ஏனுங்க, இவ்வளவு தூரம்? டீ சொல்லட்டுங்களா?"

"முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. அப்புறமும் டீ வாங்கித் தர மனசு இருந்தா வாங்கித் தாங்க."

சொன்னான். முப்பதையும் இருபத்தொன்பது புள்ளி தொண்ணூற்றேழையும் சொன்னான். 'ரெண்டும் ஒண்ணுதான்' என்று அமுக்கியதைச் சொன்னான். முதல் வெள்ளி, படம் ஓடிய உடனே அது தன் வேலை என்று தெரிந்ததையும், மறைத்ததையும் சொன்னான். பின்னால் தறிச் சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

அவள் முகத்தில் மலர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாக அணைந்தது.

"அன்னைக்கு அஞ்சு தடவை பாத்து அழுதேன்" என்றாள் மெல்ல. "நீங்க பக்கத்துல உக்காந்து… என்ற மூஞ்சியைப் பாத்துட்டே… கம்ப்யூட்டர் பண்ணினதுன்னு சொன்னீங்க."

"ஆமாங்க."

"எடுத்தவரைப் பாவம்னு வேற சொன்னேன்."

"ஆமாங்க."

"எல்லாத்துக்கும் ஆமாங்கன்னா நான் எப்புடித்தான் திட்டறது?" அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பேசியபோது குரல் வறண்டிருந்தது. "எங்கிட்டச் சொன்னாப் பத்தாதுங்க. ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளைக்குக் கால் எப்புடி இருக்குன்னு விசாரிக்கறதுக்கு எங்கப்பா உடுமலையில பொண்ணு ஊட்டுக்குப் போறாரு. பேர் போனாலும் விசாரிக்கறதை உட மாட்டாரு. நானும் போறேன். நீங்க அங்க வந்து சொல்லுங்க."

"வாரேனுங்க."

"இப்ப போங்க."

டீ வரவில்லை. அவன் பஸ் ஏறினான்.

---

தம்பிதுரையின் வீடு உடுமலையிலிருந்து அமராவதி போகும் சாலையில், தென்னந்தோப்புக்கு நடுவே இருந்தது. கூடத்தில் பெரிய டிவி. ஆடிக்கு அழைத்து வந்திருந்த கல்யாணப் பெண், மகள் கனிஷ்கா எல்லாருக்கும் இளநீர் கொண்டுவந்து வைத்தாள். சென்னியப்பன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர். விரல்களில் தவில் கூடு மாட்டி மாட்டி விழுந்த காய்ப்பு மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

"வாங்க தம்பி, என்ன திடீர்னு?" என்றார் தம்பிதுரை. "ஆவணிக் கல்யாணத்துக்குப் பேச வந்தீங்களா?"

"இல்லீங்க. வைகாசிக் கல்யாணத்துக்குப் பேச வந்தேனுங்க" என்றான் கிருபாசங்கர்.

நின்றுகொண்டே சொன்னான். தம்பிதுரையின் நெற்றி சுருங்கியது. செல்லாத்தாள் குறுக்கிட்டாள்.

"என்னமோ முப்பதுங்கறீங்க, இருபத்தொம்பதுங்கறீங்க. எனக்கு அதெல்லாம் புரியாது சாமி. கொட்டினதை நான் கண்ணால பாத்தேன்."

"உங்ககிட்ட இருக்கற பழைய பென் டிரைவையே போடுங்கம்மா. நான் கொண்டுவந்ததை அப்புறம் பாக்கலாம்."

போட்டார்கள். ஐம்பத்தைந்தாவது நிமிடத்துக்கு நகர்த்தினான். டிவியில் செல்லாத்தாள் பட்டுச்சேலையில், சீர்த்தட்டோடு நடந்து வந்தாள். 'டங்' என்றது. திரையில் அவள் தட்டைப் பிடித்தபடி நிதானமாக மூன்று எட்டு வைத்தாள். அதற்கப்புறம்தான் தட்டு கைநழுவி, ஓசையே இல்லாமல் தரையில் உருண்டது.

தம்பிதுரை டிவிப் பக்கம் சாய்ந்து பார்த்தார்.

"அம்மா" என்றாள் கனிஷ்கா. "நீ கீழ போடறதுக்கு முன்னாடியே தட்டு சத்தம் போடுது பாரு."

செல்லாத்தாள் வாயில் கை வைத்தாள். "அட… அன்னைக்குத் தட்டைப் போட்டதே யாருக்கும் தெரியாதுன்னு இருந்தேன். சத்தம் கேட்டப்புறம் மூணு எட்டு நடந்துட்டா போட்டேன்? உழுந்தப்பத்தானே சத்தம் வந்துச்சு, என்ற கால் வெரல்லயே பட்டுதே."

"அதே மாதிரிதானுங்கம்மா மேளமும். இப்ப இதைப் பாருங்க. இது கேமராவுல எடுத்தபடியே இருக்கறது." அவன் அசல் பதிவைப் போட்டான். தட்டு விழுந்தது. விழுந்தபோது 'டங்' என்றது. பிறகு முகூர்த்தம். மாப்பிள்ளையின் கை பின்னால் போனது. மேளம் கொட்டியது.

"சென்னியப்பண்ணன் தப்பே பண்ணலைங்க" என்றான் கிருபாசங்கர். "தப்பு என்னுது. நாந்தான் பாக்காம அமுக்கினேன். தெரிஞ்சதுக்கப்புறமும் ரெண்டு வாரம் மறைச்சேன். நான் நனைச்சதை நாந்தானுங்க தொடைக்கோணும்."

கதவோரம் நின்ற ரங்கநாயகி சட்டென்று நிமிர்ந்தாள். அவன் அவள் பக்கம் பார்க்கவில்லை.

சென்னியப்பன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை தொடையில் மெல்லத் தட்டத் தொடங்கியிருந்தது. அவருக்கே தெரியவில்லை.

செல்லாத்தாள் எழுந்துபோய் அவர் எதிரே நின்றாள். "அண்ணா… உங்க மேல பழி போட்ட வாய் என்ற வாய்தான். ஊரெல்லாம் சொன்னதும் நாந்தான். இனி ஊரெல்லாம் போயி நானே மாத்திச் சொல்லிப்போடறேன். மனசுல வெச்சுக்காதீங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றார் சென்னியப்பன். "மாப்பிள்ளை நல்லா எந்திரிச்சு நடந்தாப் போதும்."

தம்பிதுரை தொண்டையைக் கனைத்தார். "ஆவணிக்கு மேளம் நீங்கதான்ணா. வேற செட்டுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்." பிறகு கிருபாசங்கரிடம் திரும்பினார். "தம்பி, நீங்க வந்து சொன்னது பெரிய மனசு. ஆனா இவரை ஒரு மாசத்துக்கு மேல நோகடிச்சிருக்கோம். வீடியோ வேற ஆளைப் பாத்துக்கறோம். தப்பா நெனைக்காதீங்க."

"நெனைக்கலீங்க."

அவன் பென் டிரைவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது பின்னால் காலடி கேட்டது. சென்னியப்பன். காய்த்துப்போன கையால் அவன் தோளைத் தொட்டார்.

"படம் புடிக்காட்டி என்ன தம்பி, ஆவணிக் கல்யாணத்துக்கு வாங்க. மேடையில என்ற பக்கத்துல உக்காந்து கேளுங்க." அவ்வளவுதான் சொன்னார். கிருபாசங்கர் சட்டைப் பையிலிருந்து தாளைப் பிரித்து அந்தத் திருநீற்றை அப்போதுதான் பூசிக்கொண்டான்.

கோயமுத்தூர் வந்து சொன்னபோது சஹீர் பெருமூச்சு விட்டான். "ஒரு கல்யாணம் போச்சு." கொஞ்சம் கழித்து, "போகட்டும்டா. ரெண்டு வாரமா எனக்கும் சோறு சரியா எறங்கல" என்றான்.

---

அடுத்த வெள்ளி அவள் வரவில்லை. கண்ணாடிக் கதவை யார் தள்ளினாலும் கிருபாசங்கர் திரும்பிப் பார்த்தான். சொல்லப்போனால், வேலை ஓடவில்லை. ஜெராக்ஸ் கேட்டு வந்த நாலு பேருக்கும் எழுந்து நின்று வழி சொன்னான்.

"பாருடா, இப்பத்தான் உனக்கு மரியாதை வந்திருக்கு" என்று சஹீர் கிண்டல் செய்தான்.

கடைசி வெள்ளி காலையிலிருந்தே தூறல். பதினொன்றரைக்குக் கதவு திறந்தது. நெற்றியில் குங்குமம். இமையில் மழை. கையில் மடக்கிய குடை சொட்டிக்கொண்டிருந்தது. சஹீர் ஒரு பார்வையில் நிலைமையைப் புரிந்துகொண்டு, "பேட்டரி வாங்கோணும்" என்று கிளம்பிவிட்டான்.

"போன வாரம் வரலீங்களே" என்றான் கிருபாசங்கர்.

"கோவமா இருந்தேன்."

"இப்ப?"

"இந்த வாரம் கோவம் வரலை. வர வெச்சுப் பாத்தேன், வரலை." அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "அப்பா தவிலை எறக்கிட்டாருங்க. தெனமும் காலையில அஞ்சு மணிக்கெல்லாம் ஆரம்பிச்சுடறாரு. பக்கத்து ஊட்டுக்காரங்க, தறிச் சத்தமே தேவலைங்கறாங்க."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்தது. அவன் மானிட்டரை அணைத்தான்.

"இன்னொண்ணும் மறைச்சு வெச்சிருக்கேனுங்க" என்றான் அவன்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இன்னும் எந்தக் கல்யாணத்தைக் கெடுத்தீங்க?"

"கெடுக்கலீங்க… ஒரு கல்யாணம் நடந்தா நல்லா இருக்கும்னு நெனைக்கறேன்." வார்த்தை திக்கியது. ஆனால் முகத்தைத் திருப்பவில்லை. "உங்களை எனக்குப் புடிச்சிருக்குங்க. நீங்க குனிஞ்சு இந்தத் தரையைத் தொடைச்சீங்களே… அப்பவே. சொல்ற யோக்கியதை எனக்கு அப்ப இல்லை."

அவள் கண்கள் அவனை விட்டு நகரவில்லை. ஓர் இடத்தை முழுதாகப் பார்த்து முடிக்காமல் அடுத்த இடத்துக்குப் போகாத அதே கண்கள்… இந்த முறை அவை அடுத்த இடத்துக்குப் போகவே இல்லை.

"படம் எனக்கு முதல் வெள்ளிக்கிழமையே தெரிஞ்சுதுங்க" என்றாள் மெல்ல. "சத்தந்தான் இவ்வளவு பின்னால வருது."

"சரி பண்ணிக்கலாமுங்களா?"

"அது உங்க தொழிலாச்சே." அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "ஆனா எங்கப்பாவைப் பத்தித் தெரியுமில்லீங்க? யார் கூப்பிட்டாலும் கொட்ட மாட்டாரு. கையைப் பாத்துட்டுத்தான் குச்சியை எடுப்பாரு."

"எங்கம்மாவைக் கூட்டிக்கிட்டு இந்த ஞாயித்துக்கிழமையே சோமனூர் வாரேன்."

"ஆடியிலயா? எங்கம்மா தொரத்திருவாங்க." அவள் எழுந்தாள். "ஆவணி பொறக்கட்டுமுங்க. முதல் நாளே வாங்க. இந்தத் தடவை ஒரு விநாடி முந்தினாலும் பரவாயில்லை."

கதவிலிருந்து நாற்காலி வரை குடைத் தண்ணீர் சொட்டியிருந்தது. அவள் மேசை மேல் மடித்து வைத்திருந்த காட்டன் துணியை எடுக்கக் கை நீட்டினாள். அதற்குள் அவன் அதை எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டான்.

"உடுங்க, நாந்தானே நனைச்சேன்" என்றாள் அவள்.

"இருக்கட்டுமுங்க" என்றான் அவன். "இனிமேல் யார் நனைச்சாலும் சேந்தே தொடைச்சுக்கலாம்."

அவள் குனிந்து துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.